பச்சைத் தாளில் இருந்த யானை

பத்துக் குடும்பம் வேண்டும். ஒன்பதுதான் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் அந்த இன்னொன்று கிடைக்காவிட்டால் வாசிப்பு அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். மருந்து மொத்த வியாபாரி ஒருவர் தன் அட்டைப்பெட்டிகளை அடுக்க இடம் போதுமா என்று ஏற்கெனவே வந்து அளந்துவிட்டுப் போயிருந்தார். போகும்போது சுவரில் ஒட்டியிருந்த எழுத்துப் படங்களைக் காட்டி, "இதெல்லாம் நீங்களே கிழிச்சிடுவீங்கல்ல?" என்று வேறு கேட்டார். அறையை நடத்துகிறவள் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் வந்திருக்கக்கூடிய வார்த்தைகள் எந்தச் சுவரிலும் ஒட்டத் தகுந்தவை அல்ல.

தெருவில் அவளுக்குப் பைக்காரக்கா என்று பெயர். எந்நேரமும் தோளில் ஒரு துணிப்பை தொங்கும். அதற்குள் படப் புத்தகங்கள், சேர்க்கைப் படிவங்கள், ஒரு மைப்பெட்டி, கட்டுக்கட்டாகத் துண்டறிக்கைகள். வேலையைச் சொல்வது சுலபம். மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் பிள்ளை இருக்கிற வீடாகப் பார்த்துக் கதவைத் தட்ட வேண்டும்; வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம், வாசிப்பு அறைக்கு வரச் சொல்ல வேண்டும். கட்டணம் கிடையாது. ஆனால் பிள்ளையை மட்டும் அனுப்பினால் ஆகாது. அம்மாவோ அப்பாவோ கூடவே பாயில் உட்கார்ந்து புத்தகம் புரட்ட வேண்டும். அங்கேதான் வண்டி குடை சாயும். "புள்ளைய வேணா கூட்டிட்டுப் போங்கக்கா, எங்கள விட்டுடுங்க" என்பார்கள், ஏதோ அவள் பிள்ளை பிடிக்க வந்தவள் மாதிரி.

அந்த வாரம் அவள் விழாத கால் இல்லை. டயர் கடைக்காரரை அவர் வண்டிக்கடியில் படுத்திருந்தபோதே மடக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களிடம் பேசிச் சம்மதிக்க வைத்தாள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் வந்து சேர்ந்த அன்று, இது இரண்டு குடும்பக் கணக்கு என்று மேற்பார்வையாளரிடம் தொலைபேசியில் வாதாடிப் பார்த்தாள். "ரெண்டு பிள்ளைக்கும் அம்மா ஒருத்திதானேம்மா?" என்று கேட்டுவிட்டு மேற்பார்வையாளரம்மா வைத்துவிட்டார். வியாழக்கிழமை வந்தபோது ஒன்பதில் நின்றது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிற தொழிலில் ஒன்பது பெரிய எண்தான். ஆனால் ஒன்பதைக் கொண்டு கதவைத் திறந்து வைக்க முடியாது.

மிச்சம் இருந்தது ஒரே வீடு. மாடிக் குடியிருப்பின் நாலாவது தளம், கடைசிக் கதவு. சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிற ஒருத்தி அங்கே குடியிருந்தாள். புருஷன் எங்கோ தூரத்தில் கட்டட வேலை. நாலு வயதில் ஒரு மகள்; அந்த மாடியே அவளை வாலு என்றுதான் கூப்பிடும். இரண்டு மாதத்தில் பைக்காரக்கா ஐந்து தடவை அந்தக் கதவுக்குப் போயிருந்தாள். முதல் தடவை, கண்ணாடியைத் தொலைத்துவிட்டேன், படிவம் பார்க்க முடியாது என்றாள் இஸ்திரிக்காரி. இரண்டாவது தடவை பிள்ளைக்குச் சளி. மூன்றாவது தடவை விருந்தாளி. உள்ளே விருந்தாளி இருந்ததற்கு ஒரு செருப்புகூடச் சாட்சி இல்லை. நாலாவது தடவையும் ஐந்தாவது தடவையும் கதவே திறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பைக்காரக்கா ஒரு துண்டறிக்கையைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டுத்தான் வந்தாள். அலுவலகத்தில் எந்த நிறத் தாள் மிஞ்சுகிறதோ அதில் அச்சடிப்பார்கள்: மஞ்சள், பச்சை, ரோஸ், நீலம். அச்சில் இருப்பதென்னவோ ஒரே வாசகம்தான். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கான இலவச வாசிப்பு வகுப்பு, செவ்வாய், வெள்ளி, மூன்று மணி, பெற்றோர் ஒருவர் உடன் அமர வேண்டும்.

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு அவள் ஆறாவது முறையாக அந்த மாடிப்படிகளில் ஏறினாள். இஸ்திரிக்காரி காலை வேலை முடிந்து வந்திருப்பாள். கெஞ்சுவதா, மிஞ்சுவதா, காலைக் கட்டிக்கொள்வதா என்று படிக்கு ஒரு யோசனை. கதவைத் தட்டக் கையை ஓங்கியபோது உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"இன்னிக்குப் பச்சை," என்றது சின்னக் குரல்.

"நேத்தும் பச்சைதானேடி?"

"பச்சைதான் வேணும். படி."

தாள் பிரிகிற சத்தம். தொண்டையைச் செருமிக்கொண்டு இஸ்திரிக்காரி ஆரம்பித்தாள். சாதாரணப் பேச்சுக் குரல் இல்லை அது. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, விரல் வைத்து வாசிக்கிறவர்களின் குரல். "ஒரு... ஊர்ல... ஒரு யானை. அதுக்கு வெளுக்கப் போட்ட சட்டைன்னா ரொம்ப ஆசை. ஒருநாள் யாரும் பாக்காதப்போ ஒரு சட்டைப் பையில போயி ஒளிஞ்சுக்கிச்சு. இஸ்திரி போடுற அம்மா சட்டைய எடுத்தா. என்னடா இது, இந்தச் சட்டை மட்டும் இவ்வளவு கனக்குதேன்னு..."

பைக்காரக்காவின் கை ஓங்கியபடியே நின்றது. கதவிடுக்கு வழியாகத் தரையில் ஒரு பச்சை மூலை தெரிந்தது. அவளுடைய துண்டறிக்கை. இலவச வாசிப்பு வகுப்பு, செவ்வாய், வெள்ளி. அதில் யானை ஏது?

அவளுக்கு அந்தக் குரலைத் தெரியும். அது அவளுடைய குரல்.

இருபத்தாறு வயதுவரை அவளுக்கும் ஓர் எழுத்து தெரியாது. தன் மகளுக்கு மருந்துச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கதை "படித்தவள்" அவள். பிற்பாடு இதே அறைக்கு, இதே பாய்க்கு, மகளோடு வந்து உட்கார்ந்து, மகள் கற்றதையெல்லாம் பக்கத்திலிருந்து திருடித் திருடிக் கற்றாள். அது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மேற்பார்வையாளர் அவளை "உங்கள மாதிரி படிச்சவங்க" என்று சொல்லும்போதெல்லாம் அவள் மறுக்காமல் தலையாட்டிக்கொள்வாள். ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பது என்பார்களே, அவள் அதற்கும் மேலே போயிருந்தாள். படிக்கத் தெரியாதவள் வீட்டுக் கதவிடுக்கில் ஐந்து தடவை அச்சடித்த தாளைத் தள்ளிவிட்டு, ஏன் வரவில்லை என்று ஐந்து தடவையும் கோபப்பட்டிருக்கிறாள். புத்தி என்பது எழுத்தோடு சேர்ந்து வருவதில்லை போலிருக்கிறது.

கதை முடிகிறவரை காத்திருந்து தட்டினாள். சங்கிலி மாட்டியபடியே கதவு ஒரு கை அகலம் திறந்தது. ஒரு கண்ணும், பாதி முகமும், இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புள்ள ஒரு மணிக்கட்டும் தெரிந்தன.

"அக்கா, நான்தான் வரலைன்னு சொன்னேனே."

"நீங்க சொல்லல தங்கச்சி. கதவத்தான் சாத்தினீங்க." பைக்காரக்கா குரலைத் தாழ்த்தினாள். "வெளியிலேர்ந்து கேட்டேன். யானைக் கதை."

பாதி முகம் வெளுத்தது. இஸ்திரிக்காரி உள்ளே திரும்பி, "வாலு, போயி பால்கனியில துணி காஞ்சிருச்சான்னு பாரு," என்று விரட்டிவிட்டு, சங்கிலியை எடுக்காமலே கிசுகிசுத்தாள்.

"இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல? விட்டுடுங்க. அந்தப் புள்ளைக்கு இந்த உலகத்துல படிச்சவ நான் ஒருத்திதான். எதிர்வீட்டுக்காரங்ககிட்டல்லாம் எங்கம்மா படிப்பாங்கன்னு சொல்லிட்டுத் திரியிறா. மஞ்சள் தாள்னா ஜோடியத் தொலைச்ச சாக்ஸ் கதை, பச்சைன்னா யானை, ரோஸ்னா பொத்தான் கல்யாணம். நிறத்துக்கு ஒண்ணு. எனக்கு எழுத்து தெரியாதுக்கா, ஆனா கண்ணு இருக்கு. எல்லாத் தாள்லயும் ஒரே கோலம்தான் இருக்குதுன்னு எனக்கே தெரியுது. நீங்க அவளுக்கு எழுத்தக் காட்டுனீங்கன்னா, ரெண்டு தாளப் பக்கத்துல வச்சுப் பாக்குற அன்னிக்கு அவளுக்கும் தெரிஞ்சிடும். எங்கம்மா பொய்க்காரின்னு."

இந்த இடத்தில் பைக்காரக்கா உண்மையைச் சொல்லியிருக்கலாம். நானும் உன்னை மாதிரிதான் இருந்தேன் என்று ஒரு வரி. அது நாக்கு நுனிவரை வந்தது. பத்து வருஷமாகக் கட்டிக் காத்த படித்தவள் பட்டம் அதை அப்படியே விழுங்கிவிட்டது. மணி ஒன்றே கால். நாலு மணிக்குப் பூட்டு.

"எழுத்தே கிடையாது தங்கச்சி," என்றாள். "முதல் மாசம் பூரா வெறும் கதை, பாட்டு, விளையாட்டு. அட்டையக்கூடக் கண்ணுல காட்ட மாட்டேன். நீங்க வந்து உக்காந்தா மட்டும் போதும். அந்தத் தாளையெல்லாம் வீட்டிலேயே வச்சிட்டு வாங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஆபத்துக்குப் பாவமில்லை என்று படியிறங்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாலு மாடியும் சொல்லிக்கொண்டே இறங்கினாள். கீழே வந்தபோது சொல்லுக்கு அர்த்தம் போய்விட்டது. முதல் வகுப்பே ஜோடி அட்டைதான் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு அட்டை. கலைத்துப் போட்டு, ஒரே மாதிரி இருப்பதைச் சேர்க்கச் சொல்வார்கள். அந்த அட்டைப் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில், துடைப்பத்துக்குப் பின்னால் தூக்கி வைத்தாள்.

மூன்று மணிக்கு ஒன்பது குடும்பமும் வந்துவிட்டன. டயர் கடைக்காரர் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் போகாத கறுப்போடு, குழந்தைகள் உட்காரும் தாழ்வான மேசையின் முன்னால் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். இரட்டையர்கள் ஒரே புத்தகத்தை ஆளுக்கொரு பக்கமாக இழுத்தார்கள். மூன்றே காலாயிற்று. இஸ்திரிக்காரி வரவில்லை. மூன்று இருபதுக்கு வாசலில் நிழல் தட்டியது. பைக்காரக்கா எழுந்து ஓடினாள். வந்தது மேற்பார்வையாளர்.

"சீக்கிரமே வந்துட்டேன். ஒன்பதுதானே இருக்கு?"

"ஒருத்தர் வந்துட்டிருக்காங்க மேடம்."

"நாலு மணி வரைக்கும் பாப்போம்மா. அதுக்கு மேல என் கையில ஒண்ணுமில்ல. எனக்கும் மேல ஆள் இருக்காங்க." அவர் கெட்டவர் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து மடியில் பதிவேட்டை விரித்தபோது முகத்தில் தூக்கமில்லாத களைப்புத்தான் இருந்தது. இந்த வருஷம் அவர் பூட்டப்போகிற மூன்றாவது அறை இது.

மூன்றரைக்கு இஸ்திரிக்காரி வந்தாள். வேலைக்குப் போகும் சேலையை மாற்றி, தலை சீவி, வாலுவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவள் போல வாசலிலேயே நின்றாள். பைக்காரக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய் உள்ளே அழைத்து, பாயில் உட்கார வைத்து, கதைப் புத்தகத்தைத் திறந்தாள். அரை மணி நேரம். அரை மணி நேரம் தாக்குப் பிடித்தால் போதும்.

"இன்னிக்கு எத்தனாவது பாடம்?" என்றார் மேற்பார்வையாளர். "ஜோடி அட்டைய எங்க காணோம்?"

"இன்னிக்குக் கதை மட்டும்தான் மேடம்."

"கதை மட்டும் சொல்றதுக்கு அறை எதுக்கும்மா? பஸ் ஸ்டாப்ல சொல்லலாமே. வகுப்பு நடந்துச்சுன்னு நான் எழுதணும்ல? புதுசா வந்த பிள்ளைக்கு முதல்ல அட்டைதானே?" சொல்லிக்கொண்டே எழுந்து, அலமாரியைத் திறந்து, துடைப்பத்தை நகர்த்தி, பெட்டியை எடுத்து, வாலுவின் முன்னால் தானே கவிழ்த்தார். நல்ல மனுஷிகள் செய்கிற கேடு சொல்லி மாளாது.

இஸ்திரிக்காரி பைக்காரக்காவைப் பார்த்தாள். பைக்காரக்கா பாயின் கோரையைப் பார்த்தாள்.

"ஒரே மாதிரி இருக்கிறதச் சேர்த்து வை பாப்பா," என்றார் மேற்பார்வையாளர்.

வாலு சேர்த்தாள். மற்ற பிள்ளைகள் இரண்டாவது ஜோடியில் திணறிக்கொண்டிருந்தபோது இவள் ஏழு ஜோடி சேர்த்துவிட்டாள். இரண்டு மாதமாக ஒரே வாசகத்தை நாலு நிறத்தில் வெறித்துப் பார்த்த கண்கள் அல்லவா? "அட, புலி மாதிரி இருக்காளே!" என்றார் டயர் கடைக்காரர். வாலுவுக்குத் தலைகால் புரியவில்லை. சேர்ப்பதற்கு இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு கவுன் பைக்குள் கைவிட்டாள்.

எட்டாக மடித்த மஞ்சள் தாள். எட்டாக மடித்த பச்சைத் தாள். அம்மாவுக்குத் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறாள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்து, இரண்டு ஆள்காட்டி விரலையும் முதல் எழுத்தில் வைத்தாள். ஒரே மாதிரி. அடுத்தது. ஒரே மாதிரி. விரல்கள் வரி முழுக்க ஊர்ந்து போயின.

"அம்மா. ரெண்டும் ஜோடி."

இஸ்திரிக்காரி எழுந்துவிட்டாள். பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ரெண்டும் ஜோடின்னா யானை எப்பிடி இதுல இருக்கு, இதுல இல்ல?"

"வா, போலாம்."

"எப்பிடிம்மா?"

"வாடின்னா!" இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவள் பைக்காரக்காவின் முன்னால் நின்றாள். "சத்தியம் பண்ணுனீங்களே அக்கா," என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பது. அச்சு இயந்திரம் தப்பாக அடித்துவிட்டது, பச்சைத் தாளின் பின்பக்கத்தில்தான் யானை இருக்கிறது என்று இன்னும் இரண்டு பொய் தயாராக இருந்தன. நாலு வயதுப் பிள்ளை நம்பியும் இருக்கும். பைக்காரக்கா இரண்டையும் விட்டுவிட்டாள். வந்தது வரட்டும்.

"மேடம், நீங்களும் கேளுங்க," என்றாள். "நான் படிச்சவ இல்ல. இருபத்தாறு வயசு வரைக்கும் எனக்கு என் பேரக்கூட எழுதத் தெரியாது. இந்த அறையில, இந்தப் பாயிலதான் கத்துக்கிட்டேன். அதுக்கு முன்னாடி என் மகளுக்கு மருந்துச் சீட்ட வச்சிக்கிட்டுக் கதை படிச்சேன். இருமல் மருந்து, மூணு வேளைன்னு எழுதியிருந்த சீட்டு. நான் அதுல முயல் படிச்சேன்."

டயர் கடைக்காரர் தன் கறுத்த விரல்களை ஒவ்வொன்றாக ஆராய ஆரம்பித்தார். இரட்டைப் பிள்ளைக்காரி மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள் என்பதைப் பைக்காரக்கா அப்போதுதான் கவனித்தாள்.

"உங்க மக கண்டுபிடிச்சாளா?" என்றாள் இஸ்திரிக்காரி.

"கண்டுபிடிச்சா."

"என்ன சொன்னா?"

சிரித்துக் கட்டிக்கொண்டாள் என்று சொல்லலாம்தான். "மூணு நாள் எங்கூடப் பேசல," என்றாள் பைக்காரக்கா. "நாலாம் நாள், அந்த முயல் கதையவே இன்னொரு தடவை சொல்லுன்னா. சீட்டு இல்லாம."

இஸ்திரிக்காரியின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைக்கக் கையில்லை, ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் செருப்பு. மெதுவாகச் செருப்பைக் கீழே போட்டுவிட்டு மகளின் உயரத்துக்குக் குந்தினாள்.

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுடி."

வாலு நம்பவில்லை. "அப்ப யானை?"

"யானை தாள்ல இல்ல. அம்மா வாயில இருந்துச்சு."

பிள்ளை யோசித்தாள். கோபமா, அழுகையா என்று முடிவாகாத முகம். பிறகு அம்மாவின் தாடையைப் பிடித்தாள். "ஆ காட்டு."

ஒன்பது குடும்பம் பார்த்திருக்க இஸ்திரிக்காரி வாயைத் திறந்து காட்டினாள். கண்ணீர் ஓடி வாய்க்குள்ளேயே போயிற்று. வாலு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து உள்ளே தேடினாள். "இல்லையே," என்றாள் கடைசியில், உதடு பிதுங்க. தாள்கள் இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டு அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அம்மா தோளைத் தொட்டபோது தட்டிவிட்டாள். நாலு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு வன்மம் எங்கிருந்துதான் வருமோ.

மூன்று ஐம்பத்தேழு. மேற்பார்வையாளர் பதிவேட்டையும் பார்க்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. இஸ்திரிக்காரி எழுந்தாள். போகப்போகிறாள் என்றுதான் பைக்காரக்கா நினைத்தாள்.

"கைநாட்டு எங்க வைக்கணும்?" என்றாள் இஸ்திரிக்காரி. "படிவத்த அவ பாக்குற மாதிரி வைங்க. இனிமே என்ன."

பைக்காரக்கா பைக்குள் கைவிட்டாள். வெளியே இழுத்த வேகத்தில் மைப்பெட்டியின் மூடி கழன்று உருண்டோடியது. டயர் கடைக்காரர் எட்டி எடுத்துக் கொடுத்தார். படிவத்தைத் தாழ்ந்த மேசைமேல் விரித்தார்கள். இஸ்திரிக்காரி கட்டைவிரலை மையில் தோய்த்து, பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில், பைக்காரக்கா காட்டிய கோட்டுக்கு மேலே அழுத்தி எடுத்தாள்.

வாலு தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள். கோபம் கோபம்தான், ஆனாலும் நீல மை. ஓரடி வந்தாள். இன்னோர் அடி. யாரும் எதுவும் சொல்வதற்குள் தன் கட்டைவிரலையும் மையில் அமுக்கி, அம்மாவின் ரேகைக்குப் பக்கத்தில் பதித்துவிட்டாள். பெரியது ஒன்று, சின்னது ஒன்று. குனிந்து, முன்பு எழுத்துகளைப் பார்த்த அதே கண்ணால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"ஜோடி இல்ல," என்றாள்.

"வேண்டாம்டி," என்றாள் அவள் அம்மா. "ஜோடியா இருக்க வேண்டாம்."

மேற்பார்வையாளர் குனிந்து பதிவேட்டில் பத்து என்று எழுதினார்.